நடுவில் இல்லாத நினைவுக்கல்

முத்தாண்டிக்குப்பத்தைத் தாண்டி, பண்ருட்டிச் சாலையிலிருந்து முந்திரித் தோப்புக்குள் பிரியும் தார்ச்சாலையின் முடிவில் அந்தத் தேவாலயம் இருக்கிறது. நெய்வேலி நகரியத்தில் பல ஆண்டுகள் குடியிருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரின் மகனுக்கு அந்த ஊர்ப் பெண்ணோடு நிச்சயமான பிறகுதான், அவருக்குத் துணையாக முதல்முறை போனேன்.

அவர் சுரங்கத்தில் வெடிப்புப் பிரிவில் இருப்பவர். மேல்மண்ணில் கடினமான பாறை தட்டுப்பட்டால் துளையிட்டு, மருந்து வைத்து உடைப்பது அந்தப் பிரிவின் வேலை. குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். பெண்ணின் குடும்பம் தலைமுறைகளாகப் பிறர் நிலத்தில் கூலி வேலை பார்த்தது. பெண் இப்போது பண்ருட்டியில் வங்கி ஊழியர். பிள்ளையோடு கல்லூரியில் படித்தவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தன் ஊர் தேவாலயத்தில்தான் தாலி கட்ட வேண்டும்.

அது விக்டோரியா அரசி காலத்துக் கட்டடம். அவுரி வியாபாரம் செய்த ஓர் ஆங்கிலேயர், காய்ச்சலில் இறந்த மனைவியின் நினைவாகக் கட்டியது. தென்சுவரில் பதித்த பளிங்குக்கல் அதைச் சொல்கிறது. மேலே ஆங்கிலத்தில், கீழே தமிழில். வரைபடம் சீமையிலிருந்து வந்திருக்க வேண்டும். கூரையின் செங்குத்தான சரிவு பனி வழுக்கி விழுவதற்கானது. இங்கே வழுக்கி விழுவது ஐப்பசி மழையும் முந்திரிச் சருகும். சன்னல்கள் ஒடுங்கி உயர்ந்து, உச்சியில் கூராக முடிகின்றன. சுவர்களை வெளியிலிருந்து முட்டுச்சுவர்கள் தாங்குகின்றன. இந்தச் செம்மண் பூமியில் கட்டடக் கல் கிடைக்காது. எனவே செங்கல்லில் கட்டி, சுண்ணாம்புக் காரை பூசி, கல் அடுக்கியதுபோலத் தோன்றக் கோடு கீறியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாந்துபோவோம்.

உள்ளே தரை இரண்டு விதம். பீடத்திலிருந்து பாதி தூரம் வரை பூவேலை செய்த சீமை ஓடு. அதற்குப் பின்னால் வாசல் வரை வெறும் காரைத் தரை. துரைமார் ஓட்டின்மேல் உட்கார்ந்தார்கள், ஊர்க்காரர்கள் அதற்குப் பின்னால். இன்று இரண்டு பக்கமும் ஒரே நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள். தரை மட்டும் அப்படியே இருக்கிறது.

பிரச்சினை கல்யாண வேலையில்தான் தொடங்கியது. இந்தச் சுவர்களுக்கு ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பார்கள், பழையதன் மேலேயே. மாப்பிள்ளையின் தந்தை, குவார்ட்டர்ஸுக்கு அடிப்பதுபோல நல்ல பெயின்ட் அடித்துவிடலாம் என்றார். பழைய பூச்சைச் சுரண்டினால்தான் பெயின்ட் பிடிக்கும் என்று சுரண்டினார்கள். தென்சுவரில் இரண்டு சன்னல்களுக்கு நடுவே, மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் வெளிப்பட்டது. உயிரோடு இருக்கும் எவரும் அதற்குமுன் அதைக் கண்டதில்லை.

நெய்வேலியைச் சுற்றி எங்கே சுவர் விரிந்தாலும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தன் வாயாலேயே சொன்னார்.

"எங்க வெடிதான். வேற என்ன? நான் வச்ச வெடியாத்தான் இருக்கும்."

"ஆமா, ஊர்ல பால் திரிஞ்சாலும் இவுக வெடிதான் காரணம்" என்றார் அவர் மனைவி. "வீட்ல ஒரு பல்பு மாட்டத் தெரியாது. இவுக கோயில ஒடச்சாகளாம்!"

கேலி பேசினாலும் அந்த அம்மாள் பயந்துவிட்டார். "விரிசல் விட்ட கோயில்ல வச்சா எம்புள்ளய தாலி கட்டச் சொல்லுதீங்க? டவுன்ஷிப்ல அவ்வளவு பெரிய கோயில் இருக்கு. அங்க வையுங்க."

அங்கே ஆராதனை நடத்தும் ஆயர் யார் பக்கமும் பேசவில்லை. சுவர் நகர்கிறதென்று தெரிந்தால் கல்யாணமும் இல்லை, ஆராதனையும் இல்லை, பூட்டிவிடுவேன் என்றார். பெண்ணின் தந்தை அதைக் கேட்டுத்தான் கலங்கினார்.

"பூட்டுனா அப்புறம் யாருங்க தொறப்பாங்க? ஞாயித்துக்கெழமன்னா மேல்பட்டாம்பாக்கத்துக்கு பஸ் புடிச்சிக்கினு போவணும். எங்க முப்பாட்டன் செங்கல் தூக்குன கோயிலுங்க இது."

அச்சடித்து வந்த அழைப்பிதழ்களைப் பெண் பிரிக்காமல் வைத்திருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த நாள் கண்ணாடித் துண்டுகளோடு வந்தார். வெடி அதிர்வை அளக்க அவர்கள் பிரிவில் வழக்கமாகச் செய்வது அது. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடியை வைத்து, இரண்டு முனைகளையும் காரையால் ஒட்டிவிடுவார்கள். சுவர் மயிரளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். மேலே ஒன்று, கீழே ஒன்று ஒட்டினார்.

அதன் பிறகு சுரங்கத்தில் வெடி வைத்த ஒவ்வொரு முறையும் அவர் பெண்ணின் தந்தைக்கு போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"கண்ணாடி?"

"இருக்குதுங்க."

"சரி."

ஒரு நாள் பதில் மாறியது. கீழ்க் கண்ணாடி தரையில் கிடக்கிறது என்றார் பெண்ணின் தந்தை. பக்கத்து வீட்டுக்காரர் பைக்கை எடுத்தார்; பின்னால் நான் உட்கார்ந்தேன். தேவாலயத்தில் தகப்பனும் மகளும் நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உடையவில்லை. ஒரு முனையில் காரை பெயர்ந்து, முழுசாக விழுந்திருந்தது.

"இதை யாராவது தொட்டீங்களா?"

பெண்ணின் தந்தை தலையைச் சொறிந்தார். "நீங்க போன் போடுறப்போல்லாம் கெட்டியா இருக்குதான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு இருந்தேங்க."

"சம்பந்தி, சுரங்கத்து வெடி தாங்கும். உங்க கை தாங்காது."

முதல்முறையாக அங்கே எல்லோரும் சிரித்தோம். மறுபடி ஒட்டுவதற்குக் காரை குழைத்துக்கொண்டிருந்தபோது, பெண் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மாமா, சின்ன வயசுலேருந்து எனக்கு ஒரு சந்தேகம். பிரசங்கம் போரடிச்சா இந்தக் கல்லத்தான் பாத்துக்கினு இருப்பேன். இது ஏன் நடுவுல இல்ல?"

பார்த்தோம். பளிங்குக்கல் இரண்டு சன்னல்களுக்கும் நடுவில் இல்லை. ஒரு முழம் கிழக்கே தள்ளியிருந்தது. அந்தக் கட்டடத்தில் மற்ற எல்லாமே அளவு பிசகாதவை. இந்தப் பக்கம் ஒரு சன்னல் என்றால் அந்தப் பக்கமும் ஒன்று. கீறிய பொய்க்கோடுகள்கூட இரண்டு சுவரிலும் ஒரே உயரத்தில் ஓடின. யாருக்காகத் தேவாலயமே கட்டப்பட்டதோ, அவருடைய கல் மட்டும் ஓரமாக இருந்தது. கல் இருந்திருக்க வேண்டிய நேர்நடுவில் விரிசல் போனது.

பக்கத்து வீட்டுக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். சைக்கிள் கம்பி ஒன்றை வாங்கி விரிசலுக்குள் விட்டுப் பார்த்தார். நக அளவு ஆழத்துக்குமேல் கம்பி போகவில்லை. உள்ளே செங்கல் சில்லும் சுண்ணாம்பும் கல்லாக இறுகியிருந்தன. கட்டி முடிப்பதற்குள்ளேயே சுவர் ஒருமுறை அமர்ந்து விரிந்திருக்கிறது. அதை அடைத்துவிட்டு, கல்லைத் தள்ளிப் பதித்திருக்கிறார்கள். மேலே சுண்ணாம்பு ஏற ஏற எல்லோரும் மறந்துபோனார்கள்.

"அப்ப நெய்வேலியே கெடையாதே" என்றார் அவர். நிம்மதியான குரல்தான். அதில் லேசான ஏமாற்றமும் இருந்ததாக எனக்குத் தோன்றியது.

ஆயருக்கு அது போதவில்லை. கண்ணாடி சொல்லட்டும் என்றார். புதிய காரை காய்ந்தது. வெடிகள் தொடர்ந்தன, போன்களும் தொடர்ந்தன. பெண்ணின் தந்தை இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். இரண்டு கண்ணாடிகளும் அப்படியே இருந்தன. ஒரு ஞாயிறு ஆராதனையின் முடிவில் ஆயர் கல்யாண அறிவிப்பை வாசித்தார். அன்று மாலை முதல் அழைப்பிதழ் எங்கள் வீட்டுக்கு வந்தது.

பெயின்ட் யோசனை கைவிடப்பட்டு, வழக்கம்போலச் சுண்ணாம்பே அடித்தார்கள். விரிசல் இருந்த பட்டையை மட்டும் மூட வேண்டாம் என்று பெண் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தன்று தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலிலிருந்து நடந்து வந்தார். காரைத் தரை முடிந்து பூ ஓடு தொடங்கும் இடத்தில் தகப்பன் ஒரு கணம் தயங்கினார். பெண் நிற்காததால் அவரும் நடந்தார்.

அதற்கு முன்பே மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். பட்டுப்புடவையோடு நேராகத் தென்சுவருக்குப் போய், கண்ணாடித் துண்டுகளைத் தொடாமல் கூர்ந்து பார்த்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று. கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு வெடி இல்லல்லா?"

"என் புள்ள கல்யாணம். லீவு போட்டிருக்கேன்."

"நீங்க லீவுன்னா வெடிக்கும் லீவா?" என்று கேட்டுவிட்டு, தன் நாற்காலியை இழுத்து விரிசலுக்கு அடியிலேயே போட்டு உட்கார்ந்தார்.