காசிமாயனின் சமையல் வேன்

காசிமாயனைப் பெருமாநல்லூர் ரோட்டில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் தைப்பவருக்குத் துணியைக் கைமடித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, கட்டிங் மாஸ்டர் வரை உயர்ந்தவர். மனைவி சின்னத்தாய்க்கும் அதே கம்பெனியில்தான் வேலை, தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங்கில். இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர்கள் நின்று, கம்பெனியைப் பூட்டினார்கள். வேலை போனாலும் மாஸ்டர் என்ற பேர் அவரை விட்டுப் போகவில்லை. அந்தப் பேரை வைத்துக்கொண்டு இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் ஒரு பழைய மெட்டடார் வேனை வாங்கிவிட்டார்.

யோசனை நல்ல யோசனைதான். லீவு கிடைத்தால் குடும்பத்தோடு எங்காவது போய் வர ஆசைப்படாத ஆள் திருப்பூரில் கிடையாது. ஆனால் கூட்டமாகப் போனால் ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது, குழந்தைகளுக்கும் ஒத்துக்கொள்ளாது. காசிமாயன் வேனின் பின்சீட்டுகளைக் கழற்றி, படுக்கப் பலகை அடித்து மெத்தை போட்டார். கடைசியில், பின்கதவை ஒட்டி, ஒரு கடப்பாக்கல் மேடை. போகிற இடத்தில் நிழலாகப் பார்த்து நிறுத்தி, சின்னத்தாய் சமைத்துப் போடுவார். திண்டுக்கல் பிரியாணி வேண்டுமென்றாலும் சரி, கொங்குப் பக்கத்துப் பச்சைப்பயறுக் கடைசல் வேண்டுமென்றாலும் சரி, அவர் கைக்கு எல்லாம் வரும்.

அடுப்புக்கு எந்த கேஸ் என்பதில்தான் வேலை நின்றது. ஓட்டல்களுக்குக் கொடுக்கிற நீலச் சிலிண்டர் முறையானது. ஆனால் விலை அதிகம், உயரமும் அதிகம். மேடைக்குக் கீழே நுழையாது. வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்கு வைக்கக் கூடாது. வைத்தாலும், பதிந்துவிட்டு வாரக் கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஸ்டவ் என்றால் மெத்தையெல்லாம் நாறிப்போகும்.

"கல்ல அறுத்துட்டு ஓட்டல் சிலிண்டரையே வைங்க. வாடகையில கொஞ்சம் கூடக் கேட்டாக் குடுப்பாக" என்றார் சின்னத்தாய்.

"மொத வாடகைக்கே கூடக் கேட்டா எவன் வருவான்?"

"வர்றவுக வரட்டும்."

காசிமாயன் கேட்கவில்லை. அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருந்த சசிகுமார் இன்னொரு வழி சொல்லியிருந்தார். பேரில்லாத குட்டிச் சிலிண்டர். கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், வீட்டுச் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு குழாயை மாட்டி, குட்டிச் சிலிண்டருக்குள் கேஸை இறக்குவார். செலவு பாதிக்கும் குறைவு. எப்போது போனாலும் கிடைக்கும். காசிமாயன் அதை வாங்கிக்கொண்டு வந்தபோது வழியெல்லாம் லேசாக கேஸ் நெடி அடித்தது. திரும்பிப் போய்க் கேட்டார்.

"புதுசுன்னா அப்படித்தானுங்க மாஸ்டர், போகப் போகச் சரியாயிரும்" என்றார் சசிகுமார்.

அது பதில் இல்லை என்று காசிமாயனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் தூக்கிக்கொண்டு வந்தார்.

முதல் வாடகை குன்னத்தூர் நஞ்சப்பனிடமிருந்து வந்தது. தோட்டத்துக்குள்ளேயே சின்னதாகத் தையல் யூனிட் போட்டிருந்தவர். பழைய கம்பெனிக்குத் துணி வாங்க வந்து போன பழக்கம். மனைவி மயிலாள், மகள் அன்புசெல்வி, அவள் கைக்குழந்தை, சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் திருமூர்த்தி மலைக்குப் போவதாகத் திட்டம். வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு நஞ்சப்பன் மேடைக்குக் கீழே குனிந்தார்.

"சிலிண்டர் நல்லதுதானுங்களா மாஸ்டர்? கொழந்த வருதுங்க, அதான் கேட்டேன்."

"கம்பெனிச் சிலிண்டர்ங்க. சின்ன சைஸ். ஒரு பயமும் வேணாம்."

சின்னத்தாய் பக்கத்தில்தான் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டையைத் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே போய், மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்தினார்கள். வந்த ஆண்கள் அருவிக்கு நடந்தார்கள், காசிமாயன் வேனோடு இருந்துகொண்டார். அன்புசெல்வியின் குழந்தை பலகை மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தது. வேனுக்குள் புழுக்கமாக இருக்கிறது என்று அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, மர நிழலில் தாயோடு உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் சின்னத்தாய் தீக்குச்சியை உரசினார்.

மேடைக்குக் கீழே தேங்கியிருந்த கேஸ் பப்பென்று பிடித்தது. சின்னத்தாயின் வலது கை முழங்கை வரை நெருப்புக்குள் போய் வந்தது. காசிமாயன் தண்ணீர்க் குடத்தில் சாக்கை முக்கி மேலே போட்டு, சிலிண்டரை வெளியே இழுத்து, வால்வைத் திருகி மூடினார். மெத்தையின் ஓரம் கருகியிருந்தது. குழந்தை படுத்திருந்த பக்கம்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். நஞ்சப்பன் மூச்சு வாங்க நின்று, "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டார். கேள்வி காசிமாயனைப் பார்த்துத்தான் வந்தது. அவர் வாய் திறக்கும் முன் சின்னத்தாய் சொல்லிவிட்டார்.

"எம் மேலதாங்க தப்பு. ரெகுலேட்டரச் சரியா மாட்டாம விட்டுட்டேன். அவரு சொல்லித்தான் குடுத்தாரு. நாந்தான் மறந்துட்டேன்."

காசிமாயன் நின்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நஞ்சப்பனின் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. குனிந்து சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தார்.

காசிமாயனின் ஊராக இருந்தால் இந்நேரம் சட்டையைப் பிடித்திருப்பார்கள். பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பார்கள். இங்கே யாரும் குரலைக்கூட உயர்த்தவில்லை. "பரவால்லீங்க அக்கா, உசுருக்கு ஒண்ணுமில்லயே" என்று மயிலாள் தன் முந்தானையை நனைத்துக் கையில் போர்த்திவிட்டார். அன்புசெல்வி கருகிய மெத்தையைப் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, வேனுக்கு முதுகு காட்டி நின்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று காசிமாயனுக்கு இருந்தது.

உடுமலை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஓட்டலில் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டு, திரும்பினார்கள். பேசிய வாடகையை நஞ்சப்பன் ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தார். காசிமாயன் வேண்டாமென்றார். "உங்க பொழப்புங்க இது" என்று சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் குட்டிச் சிலிண்டரைக் காசிமாயன் சசிகுமாரின் கடை வாசலில் போட்டுவிட்டு வந்தார். சண்டை போடவில்லை. நெடி அடித்தது தெரிந்தே வாங்கியவன் என்ன சொல்லிச் சண்டை போடுவது? வீட்டில் சின்னத்தாய் இடது கையால் சோறாக்கினார். மனைவியின் தலையை வாரிவிடும்போதும், தாலியில் சிக்கிய நூலை எடுத்துவிடும்போதும் காசிமாயன் அந்தக் கட்டைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

மறுபடி நஞ்சப்பனிடமிருந்து போன் வந்தது.

"பழனிக்குப் போலாம்னு இருக்கறமுங்க மாஸ்டர். வண்டி உங்களுதேதான். சமைக்கறதுக்கு மட்டும் எங்க ஆள நாங்களே கூட்டிட்டு வந்தர்றமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. அக்கா நல்லவங்கதான், கொஞ்சம் கவனம் பத்தாதுங்க."

"சரிங்க" என்றார் காசிமாயன்.

போனை வைத்த பிறகுதான், தான் சொன்னது காதில் விழுந்தது. செக்கிங்கில் ஒரு ஊசி ஓட்டையைக்கூட விடாத பொம்பளை என்று கம்பெனியே சொன்ன மனைவி. இப்போது அவருக்குக் கவனம் பத்தாது என்று பேச்சு. அதற்குத் தானும் சரிங்க என்றிருக்கிறார்.

மறுநாள் காலையில் குன்னத்தூருக்குப் பஸ்ஸில் போனார். வேனை எடுக்கப் பிடிக்கவில்லை. நஞ்சப்பன் யூனிட் வாசலில் வெட்டிய துணி பீஸ் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அது கம்பெனிச் சிலிண்டர் இல்லீங்க" என்று காசிமாயன் நின்றபடியே ஆரம்பித்தார். "ரோட்டோரத்துல ஊத்துனது. கசியிறது எனக்குத் தெரியும். அவ வேணாம்னா. நாந்தான் கேக்கல. அன்னிக்கி அவ எனக்காகச் சொன்னா, நான் பேசாம நின்னேன்."

நஞ்சப்பன் மூட்டையைச் சுவரோரம் சாய்த்தார். கைகளைத் துடைத்தார். "மயிலா, மாஸ்டருக்குக் காப்பி கொண்டா" என்று உள்ளே குரல் கொடுத்தார். காப்பி வந்தது. மயிலாள் டம்ளரை நீட்டும்போது, "அக்காவுக்குக் கை ஆறிருச்சுங்களா?" என்று கேட்டார். அவசரமாகக் குடித்ததில் காசிமாயனுக்கு நாக்கு வெந்தது. கேட் வரைக்கும் கூட வந்த நஞ்சப்பன், "கொழந்தன்னு சொல்லித்தானுங்க கேட்டேன்" என்றார். பழனிப் பயணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. அந்த வீட்டிலிருந்து பிறகு போன் வரவே இல்லை.

சின்னத்தாய்க்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னார். அவர் கேட்டு முடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வண்டி ஓடணும்னுதான் நான் பழிய வாங்கிக்கிட்டேன். அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்காகச் சொன்னதா இருக்கும். இப்பப் போயி யாருக்காகச் சொன்னீங்க? ஒங்க மனசு ஆறவா?"

காசிமாயன் எழுந்து வேனுக்குப் போனார்.

கடப்பாக்கல்லை அறுத்து, நீலச் சிலிண்டருக்கு இடம் பண்ணினார். வாடகையை ஏற்றினார். வேனில் தீப்பிடித்த பேச்சு பரவி, கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். சின்னத்தாய் வேறொரு கம்பெனியில் செக்கிங் டேபிளுக்குப் போய்விட்டார். காசிமாயன் வார நாட்களில் அதே வேனில், மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, பீஸ் மூட்டை ஏற்றி யூனிட் யூனிட்டாகப் போட்டு வந்தார். மூட்டை இறக்கும் இடத்தில் யாராவது மாஸ்டர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஆடி நோன்பு லீவுக்குப் பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் வேளாங்கண்ணி போக வேண்டும் என்று சின்னத்தாயிடம் வந்து கேட்டார்கள். அவர் ஒத்துக்கொண்டார். காசிமாயனிடம் கேட்கவில்லை. கிளம்புகிற அன்று சிலிண்டரைச் சின்னத்தாயே ஏஜென்சியில் போய்ப் பார்த்து எடுத்தார். அவரே மாட்டினார். சோப்புத் தண்ணீரைக் குழாயில் தடவி, குனிந்து வெகுநேரம் பார்த்தார். காசிமாயன் கொஞ்சம் தள்ளி, டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

"ஏறுங்க, போலாம்" என்றார் சின்னத்தாய், மற்றவர்களிடம் சொல்வதுபோல. காசிமாயன் ஏறி வண்டியை எடுத்தார்.