ஓங்கில் எந்த இனம்

கரும்பலகையில் ரீச்சர் ஐந்து கோடுகள் இழுத்தது நன்றாக நினைவிருக்கிறது. பாலூட்டி, பறவை, ஊர்வன, தவளை இனம், மீன் என்று மேலே எழுதினார். நாங்கள் ஒவ்வொருவராக ஒரு உயிரின் பேரைச் சொல்ல, அதை எந்த வீட்டில் குடிவைப்பது என்று மற்றவர்கள் கத்த வேண்டும். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. முகத்துவாரத்துப் பக்கம் தென்னங்கிடுகால் வேய்ந்த சின்னப் பள்ளிக்கூடம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். வௌவாலைப் பறவை என்று கத்தி எல்லோரும் அசடு வழிந்தோம். அடுத்ததாக, கடலில் துள்ளிப் பாயுமே டொல்பின், அந்த ஓங்கில் வந்தது. வகுப்பு முழுக்க "மீன்" என்றது. ரீச்சரும் மீனுக்குக் கீழேதான் எழுதினார்.

நான் எழும்பி, "மீனுக்குப் பால் வருமா ரீச்சர்?" என்று கேட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் என் அப்பாவின் கரைவலையில் ஒரு ஓங்கில் மாட்டியிருந்தது. அதைப் புரட்டிய அப்பாவின் கை வெள்ளையாக நனைந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "பால்" என்றார். கொஞ்சத் தூரத்தில் குட்டி ஒன்று தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா நல்ல வலையைக் கத்தியால் அறுத்துத் தாயை விட்டார். அந்த வலையைப் பொத்துவதற்கு அவருக்கு மூன்று நாள் பிடித்தது. இவ்வளவையும் ஒரே மூச்சில் வகுப்பில் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ரீச்சர் வந்து, மீனுக்குக் கீழே இருந்ததை அழித்துவிட்டு ஓங்கிலைப் பாலூட்டியில் எழுதினார். "புத்தகத்தில பாத்தன். இவ சொன்னதுதான் சரி" என்றார். அந்தக் காலத்தில் எந்த ரீச்சர் அப்படிச் சொல்வார்? எனக்கு அவர்மேல் உயிர். பின்னேரம் என்னைத் தனியே கூப்பிட்டு, வருடாந்தச் சோதனைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார், கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றைப் பட்டணத்தில் தங்கிப் படிக்கிற போடிங் பள்ளிக்கூடத்துக்கு எடுக்கப் போகிறார், அவர் முன்னால் நீதான் ஓங்கில் கதையைச் சொல்ல வேண்டும் என்றார். நான் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொண்டார்.

அதை வீட்டில் சொன்னதிலிருந்து அப்பா வேறு ஆளாகிவிட்டார். எங்கள் பக்கத்தில் அதுவரை எவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. கடலுக்குப் போகுமுன் ஒரு தரம், வந்து ஒரு தரம், "எங்க, சொல்லு பாப்பம்" என்பார். வலை அறுத்த இடம் வந்ததும் அவருக்கு வெட்கமாகச் சிரிப்பு வரும்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பூவரசம்பூ மாலை, இளநீர், எல்லாம் நடந்தது. ரீச்சர் கரும்பலகையைக் காட்டி, "ஓங்கில் எந்த இனம்? யார் சொல்லுற?" என்று கேட்டார். நான் பாதி எழும்பிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. போடியாரின் மகளைப் பார்த்துத் தலையசைத்தார். போடியாருக்கு வாவிக்கு மேற்கே ஏக்கர் ஏக்கராக வயல். பள்ளிக்கூடம் நின்ற நிலமும் அவர் கொடுத்ததுதான். அந்தப் பிள்ளை எழும்பி, கைகளைக் கட்டிக்கொண்டு, தாளில் இருந்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள்: "என் அப்பாவின் கரைவலையில் ஓர் ஓங்கில் மாட்டியது." பாவம், அவளுக்கு மாற்றிச் சொல்லக்கூடத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு ஆச்சரியம். "போடியாருக்குக் கரைவலையும் இருக்குதா?" என்று கேட்டார். இனியாவது உண்மை வெளியே வரும் என்று நான் ரீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஓம் சேர், ஆள் வைச்சுப் பிடிக்கிறவர்" என்றார் ரீச்சர். எனக்குப் பொறுக்கவில்லை. "அது எங்கட அப்பா சேர்" என்று எழும்பினேன். ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "இரி. பொய் சொல்லாத" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்பா அன்று கடலுக்குப் போகாமல் வேலிப் படலையிலேயே நின்றார். "சொன்னியா மகள்?" அந்த முகத்தைப் பார்த்து நான் எதைச் சொல்ல? "சொன்னன். எல்லாரும் கைதட்டினாங்க" என்றேன். "எப்ப போகணுமாம்?" "வாற மாசமாம்." பொய் சொல்லாதே என்று கேட்ட அதே நாளில் நான் சொன்ன பொய் அது. ஒரு மாதம் முழுக்க அப்பா கரையில் நின்ற அத்தனை பேருக்கும் அதைச் சொன்னார்.

மாதம் பிறந்தது. போடியாரின் மகள் மாட்டுவண்டியில் போடிங்குக்குப் போனாள். அப்பா சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு ரீச்சரிடம் கேட்கப் போனார். திரும்பி வந்து சால்வையை மடித்து வைத்தார். "உன்னை எடுக்கிறதா ஆரும் சொல்லல்லையாமே. பிள்ளைக்குப் பொய் சொல்லுற பழக்கம் இரிக்கு, கவனிங்க எண்டு ரீச்சர் சொன்னா" என்றார். அப்போதுதான் அழுதழுது முழுவதையும் சொன்னேன், தாளிலிருந்து கைதட்டல் வரை. அப்பா பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "ரீச்சர் அப்பிடிச் செய்யமாட்டா மகள்" என்றார்.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. பேரப்பிள்ளையின் பாடப்புத்தகத்தில் ஓங்கில் பாலூட்டிகளோடு அழகாக நீந்துகிறது. கோபமெல்லாம் போய்விட்டது என்று பெரிய மனுசியாகச் சொல்ல எனக்கு வராது. ரீச்சருக்குப் போடியாரிடம் பயம், அதைக்கூட விளங்கிக்கொள்ளலாம். என் அப்பாவையும் என்னிடமிருந்து பிரித்தாரே, அதை எப்படி விளங்கிக்கொள்வது?

நான் அழுதழுது சொன்ன மறுநாள் விடிய, பிடிபட்டதில் நல்ல கொடுவா மீனாக ஒன்றை எடுத்து ஈர்க்கில் கோத்து என் கையில் தந்து, ரீச்சர் வீட்டுக்குக் கூட்டிப்போனார் அப்பா. வாசலில் நின்று, "சின்னப் பிள்ளை, தெரியாமச் சொல்லிப்போட்டுது, மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றார். ரீச்சர் என்னை ஒரு கணம் பார்த்தார். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். "பரவாயில்லை, இனிச் சொல்லாம இரிந்தாக் காணும்" என்று சொல்லி என் கையிலிருந்து மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வரும் வழியில் அப்பாவின் நடை இலேசாகிவிட்டிருந்தது. என் தலையைத் தடவி, "ரீச்சருக்குக் கோபமில்ல மகள்" என்றார். ஓம் அப்பா என்றேன்.