ஓட்டை போடாத பால் டின்

வெள்ளைக்காரர் ஆண்ட மலாய் நாட்டில், அவசரகாலத்தின்போது எங்கள் பக்கம் பால் டின்னை முழுசாக விற்கக் கூடாது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, சேர்த்துவைக்க முடியாதபடி கடையிலேயே ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் தருவார்கள். காஜா பெராங்கில் ஒரு மளிகைக்கடையில் என் அப்பாவுக்கு வேலை. அந்த ஆணி எப்போதும் அவர் மேசைமேல் கிடக்கும்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, தோட்டத்தில் ரப்பர் மரம் சீவினார். அங்கே காட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு கங்காணியைக் கூட்டிப்போனார்கள், அவர் திரும்பவில்லை. பிறகு போலீஸ் வந்து, அவர்களுக்குச் சோறு போட்டது யார் என்று வீடு வீடாகக் கேட்டது. அத்தைக்கு இரண்டு பக்கமும் பயம். ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையோடு வந்து பால் வாங்கிப்போவார். பள்ளி விடுமுறையில் நானும் அவரோடு தோட்டத்துக்குப் போவேன். ஒரு தடவை பஸ்ஸில் பால் ஒழுகி என் கவுன் நாசமானது. "புள்ளைக்கு வாங்குனியா, கவுனுக்கு வாங்குனியா?" என்று அப்பா கேலி செய்தார். அடுத்த தடவை ஓட்டை போட வேண்டாம் என்று நான்தான் அவரிடம் கெஞ்சினேன். வாசலைப் பார்த்துவிட்டு, டின்னைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஓட்டை இல்லாததோ நான் கெஞ்சியதோ அத்தைக்குத் தெரியாது.

வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். மலாய்க்காரப் பெண் போலீஸ் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். கடையைச் சொன்னால் அப்பாவைப் பிடிப்பார்கள் என்பது எனக்கே தெரியும். ரோட்டில் கிடந்தது, எடுத்தேன் என்று அத்தை மலாயில் சொன்னார். யாரும் நம்பவில்லை. மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் அதையே சொன்னார்.

போலீஸ் லாரியில் ஏறுமுன் குழந்தையை என் இடுப்பில் வைத்தார்.

"எதிர் பஸ்ஸுல வீட்டுக்குப் போ. நான் ஒண்ணும் சொல்லலன்னு அப்பாக்கிட்ட சொல்லு."

அதன்பின் லாரிச் சத்தம் கேட்டாலே அப்பா கடையின் பின்பக்கம் போய்விடுவார். பதினேழு நாள் கழித்து அத்தையை விட்டார்கள். ஆள் பாதியாகியிருந்தார். குழந்தை அவரிடம் போகாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவரை என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அத்தை கிளேபாங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தபோது, அன்று கெஞ்சியது நான்தான் என்று முதல் தடவையாகச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார்.

"சாத்திட்டு வா. உங்கப்பாவப் புடிச்சிட்டுப் போயிருவாங்க."

நான் எழுந்துபோய்ச் சாத்தினேன்.