பூவரசுக்குப் பனி ஜாஸ்தி

கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, கன்னிகா அந்தக் கன்றைத் திட்டத் தொடங்கினாள். "உள்ள பச்சையா வெச்சிக்கினு செத்த மாதிரி நடிக்கிறியா? யாருகிட்ட?" அடுத்த கன்றுக்குப் போனாள். அதற்கும் அதே வசவு, கொஞ்சம் கூடுதலாக.

ஆந்திர எல்லையில், ராமகுப்பத்தை அடுத்த எங்கள் மனைப்பிரிவின் பெயர் மேகமாலா என்க்ளேவ். மேகமும் கிடையாது, மாலையும் கிடையாது. அந்தப் பெயரை நம்பி வீடு கட்டிக் குடிவந்த அசடு நான் ஒருவன்தான். சாலையோரப் பூவரசங்கன்றுகளுக்குத் தாய், தகப்பன், வாத்தியார் எல்லாமே தோட்டக்காரி கன்னிகா. இந்த மார்கழியில், என்றும் இல்லாத அதிசயமாக, ஒரு விடியலில் புல்லெல்லாம் உப்புத் தூவினது போல உறைபனி. வெயில் ஏறியதும் இலைகள் வதக்கிய கீரையாகத் தொங்கின. பிறகு கருகின.

பதறிப்போய் மேனேஜர் பவன்குமாருக்குப் போன் போட்டாள். அவர் திருப்பதி ஆபீஸில் இருப்பவர், தமிழ் தெரியாது. கன்னிகா தெலுங்கில் வெளுத்துவாங்குவாள். ஆனால் அவசரத்தில் ஒரு தமிழ்ச் சொல் நழுவி விழுந்துவிட்டது. "சார், செட்லகி பனி ஜாஸ்தி!" பனிக்குத் தெலுங்கில் 'மஞ்சு' என்றிருக்க வேண்டும், அங்கே 'பனி' என்றால் வேலை. மரங்களுக்கு வேலை அதிகம் என்று புரிந்துகொண்ட அந்தப் புண்ணியவான், மறுநாளே இரண்டு ஆட்களை மரமறுக்கும் வாளும் கத்தரியுமாக அனுப்பிவைத்தார். வந்தவர்கள் கருகலைப் பார்த்து அவரைக் கேட்க, கருகினதையெல்லாம் வெட்டித் தள்ளச் சொல்லிவிட்டார்.

"இப்ப வெட்னா ஒடனே துளிர் வுடும் சார். இன்னொரு பனி வந்தா துளிரும் பூடும், கன்னும் பூடும்" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். அவர்களிடம் அதையா சொன்னாள்? "பனிக்கோசமே கதா வச்சாரு? பனி செய்யண்டி!" வேலைக்குத்தானே வந்தீர்கள், வேலையைப் பாருங்கள் என்று மண்வெட்டியை நீட்டினாள். பாவம், மாலைவரை அவர்கள் தண்ணீர் இறைத்தார்கள், கன்றுகளின் அடியில் கடலைத்தோல் பரப்பினார்கள். வாளைத் தேடினார்கள். அது கன்னிகா உட்கார்ந்திருந்த சாக்குக்கு அடியில் இருந்தது.

அன்று முதல் கன்றுகள் லுங்கி கட்ட ஆரம்பித்தன. நாலு குச்சி நட்டு, பொழுது சாய்ந்ததும் துணி போர்த்துவாள். காலை வெயிலுக்கு எடுத்துவிடுவாள். ஒரு கன்றின் மேல், என் வீட்டுக் கொடியிலிருந்து காணாமல் போன நீல லுங்கி. கேட்டேன். "உங்களுக்கு ஸ்வெட்டர் கீது. அதுக்கு கீதா?" என்றாள். யோசனை சொல்லும் உரிமையாவது எனக்கு உண்டே என்று, கொஞ்சம் யூரியா போடலாமே என்றேன். "ஜொரத்துல கெடக்கிறவனுக்கு பிரியாணி ஊட்டுவியா சார்?"

பவன்குமார் கெடு வைத்தார். தை கடைசி ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அன்றைக்குத் துளிர் இல்லாத கன்றைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் ஈச்சமரம் வைப்பாராம். அதைக் கேட்டதும் கன்னிகா கன்றுகளைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிறன்று கார்கள் வரிசையாக வந்தன. பவன்குமார் கூட்டத்தோடு ஒவ்வொரு கன்றாகக் குனிந்து பார்த்தார். கருகிய கிளைகளுக்குக் கீழே பச்சை முனைகள். "பாக உந்தி, பாக உந்தி" என்றார். நன்றாக இருக்கிறதாம், அவருக்கே பெருமை. கடைசிக் கன்றுக்கு வந்தார். அதில் மட்டும் ஒன்றுமில்லை. "இதி ஒக்கட்டி தீசேயண்டி" என்று, இதை மட்டும் பிடுங்கச் சொல்லி, கடப்பாரை ஆளைக் கூப்பிட்டார்.

கன்னிகா அந்தக் கன்றின் அடியைக் காட்டி, ஊரே கேட்கும்படி அலறினாள்: "பாமு! பாமு!"

பாம்பு என்றால் மொழிபெயர்ப்பு யாருக்கு வேண்டும்? மேனேஜர் முதலில் ஓடினார், மனை பார்க்க வந்தவர்கள் பின்னால் ஓடினார்கள், கடப்பாரையும் ஓடியது. நானும் ஓடினேன். கேட்டுக்கு வெளியே மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தேன். பாம்பு இருந்த இடத்திலேயே கன்னிகா சாவகாசமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் கன்றின் அடியில் இரண்டு கைகளாலும் மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.