சிவப்பு நூல் கட்டிய பீரோ

ஆரணியிலிருந்து செய்யாறு போகும் சாலையில், பழைய நெல் மண்டிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. வீட்டில் வேண்டாத கட்டில், நாற்காலி, பீரோவை எல்லாம் மக்கள் அங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். தேவைப்படுகிறவர்கள் குறைந்த விலைக்கு வாங்கிப் போவார்கள். வரும் பணம் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் மருந்துக்குப் போகிறது. ஊரில் அதை அறக்கட்டளைக் கடை என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்பவர் புஷ்பலதா. செய்யாறு கம்பெனிகளில் வேலை செய்யும் வடநாட்டு ஆட்களும் கட்டில் வாங்க வருவதால், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்த் தமிழிலும் ஆங்கிலத்திலும் விலைச் சீட்டு எழுதி ஒட்டுவேன்.

இதற்கு முன் பத்தொன்பது வருடம் புஷ்பலதா ஜெயவேல் முதலாளியின் பட்டுக் கடையில் இருந்தார். நெசவாளர்கள் கொண்டுவரும் புடவையை மேசைமேல் விரித்து, முந்தானையிலிருந்து கடைசி வரை விரலை ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. இழை அறுந்த இடம், கறை பட்ட இடம், ஜரிகை பிசிறிய இடம் எதுவானாலும் அங்கே ஒரு சிவப்பு நூல் கட்டுவார். புடவை ஏன் திரும்பி வந்தது என்று நெசவாளர் கேட்க வேண்டியதில்லை. கண்ணில் புரை வந்து அறுவை சிகிச்சை ஆன பிறகு, குழல் விளக்கு வெளிச்சத்தில் ஜரிகையைப் பார்க்க முடியாமல் வேலையை விட்டார். அந்தச் சமயத்தில்தான் அறக்கட்டளைக்காரர்கள் இடம் தேடினார்கள். ஜெயவேல் தன் கொட்டகையை வாடகை இல்லாமல் கொடுத்து, சாவியைப் புஷ்பலதாவிடம் கொடுக்கச் சொன்னார்.

முதல் வருடம் புஷ்பலதா வந்ததையெல்லாம் வாங்கி வைத்தார். போகிக்கு எரிக்க மனம் வராத சாமான்கள் அத்தனையும் அங்கே வந்து இறங்கின. மூன்று கால் நாற்காலி, கதவில்லாத அலமாரி, நடுவில் குழிந்த மெத்தை. வேண்டாம் என்று சொன்னால், தானம் கொடுப்பவர்கள் முகம் சுருங்கிவிடும்.

தை மாதம் ஜெயவேல் வீட்டிலிருந்து ஒரு தேக்குக் கட்டில் வந்தது. முதலாளி வீட்டுக் கட்டில் என்பதால் புஷ்பலதா அதைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. முழங்கால் வலியால் தரையில் படுக்க முடியாத சின்னம்மாள் அதை வாங்கிப் போனார். கைத்தறி நெய்கிறவர். மூன்றாம் நாள் அடிப்பலகை உளுத்து முறிந்தது. கீழே விழுந்ததில் அவருக்கு மணிக்கட்டு எலும்பு உடைந்தது. இரண்டு மாதம் தறியில் உட்கார முடியவில்லை.

புஷ்பலதா பார்க்கப் போனபோது சின்னம்மாள் சண்டை போடவில்லை. "ஏன் புஷ்பா, என் பொடவைல ஒரு இழை போனாக்கூட கண்டுபுடிச்சி திருப்பி அனுப்புவ. கட்டில மட்டும் திருப்பிப் பாக்கலியா?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து கொட்டகைக்குள் வரும் எல்லாவற்றையும் புஷ்பலதா கவிழ்த்துப் பார்த்தார். பழுது இருக்கும் இடத்தில் சிவப்பு நூல் கட்டினார். தச்சர் சரிசெய்யக்கூடியது என்றால் உள்ளே வரும். முடியாது என்றால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும்.

ஆவணியில் ஜெயவேல் தன் மகன் கல்யாணத்துக்காக வீட்டைப் புதுப்பித்தார். ஒரு ஞாயிறு காலை அவருடைய டிரைவர் பாலு குட்டியானை வண்டி நிறையச் சாமான் கொண்டுவந்தான். ஒரு மர பீரோ, ஒரு சோபா, இரண்டு நாற்காலி. புஷ்பலதா பீரோவைச் சாய்க்கச் சொன்னார். அடியிலிருந்து மாவு மாவாக மரத்தூள் கொட்டியது. சோபாவின் சட்டமும் நாற்காலிக் கால்களும் அப்படித்தான். மொத்தம் பதினோரு இடத்தில் நூல் கட்டிவிட்டு, "எல்லாத்தையும் ஏத்து பாலு" என்றார்.

"இன்னாக்கா பேஜார் பண்ற. கொட்டாயே அவரோடது."

"அதுக்கு?"

"அதுக்கு இன்னான்னா, நாளைக்கு நீயும் இந்த சோபாவோட ரோட்ல ஒக்காந்துகினு இருப்ப."

"இதுல எங்கடா ஒக்கார்றது. அதான் உளுத்துப் போச்சே."

பாலு முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் புஷ்பலதாவின் போன் அடித்தது. அவர் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் பேசினார். வைத்துவிட்டு என்னிடம், "சாவிய எடுத்து வெக்கச் சொன்னாரு. நேர்ல வராராம்" என்றார். உள்ளே பதினேழு கட்டில்கள் இருந்தன. அவற்றில் இரண்டு, பக்கவாதம் வந்தவர்களுக்குத் தருவதாகச் சொல்லி வைத்தவை. கொட்டகை போனால் அவற்றை வைக்க வேறு இடமில்லை. அவர் சாவியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மேசைமேல் வைத்தார்.

பதினோரு மணிக்கு ஜெயவேல் வந்தார். "இன்னா புஷ்பா, எங்க வீட்டுப் பொருளுக்கே நூல் கட்றியா?"

"சின்னம்மா கை ஒடஞ்சது உங்க வீட்டுக் கட்டில்லதாங்க மொதலாளி."

"யாரு, நம்ம சின்னம்மாளா? பவர்லூம்ல கை மாட்டிகிச்சின்னு இல்ல சொன்னாங்க."

"கைத்தறி நெய்றவங்க கை பவர்லூம்ல எப்புடிங்க மாட்டும்?"

ஜெயவேல் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பீரோ அருகே குனிந்தார். ஒவ்வொரு நூலாகப் பார்த்தார். பிறகு பீரோவின் விளிம்பில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். முதுகுப் பலகைப் பக்கம் விரல் நின்றது. நகத்தால் அழுத்தியதும் மரம் உள்ளே போனது.

"இத விட்டுட்டியே" என்றார். கடையில் புடவை பார்க்கும்போது வருகிற குரல் அது.

"எதுங்க?"

"இங்க பாரு. கண்ணு ஆபரேஷன் பண்ணது தெரியுது. நூல் குடு."

பன்னிரண்டாவது நூலை அவரே கட்டினார். முடிச்சு போட்டு முடித்ததும் பாலுவைப் பார்த்து, ஏற்றச் சொன்னார். பாலு மேசையைக் காட்டி, "சாவி, மொதலாளி?" என்று கேட்டான்.

"எந்த சாவி? ஜல்தியா ஏத்துய்யா, வெயில் ஏறுது."

பீரோவும் சோபா சட்டமும் அவருடைய சாயப்பட்டறை அடுப்புக்குப் போயின. ஸ்பிரிங் பழைய இரும்புக் கடைக்குப் போனது. நாற்காலிகள் இரண்டும் உளுத்தவைதான் என்று அவரே உடைக்கச் சொன்னதாகப் பாலு பிறகு சொன்னான்.

ஐப்பசியில் சின்னம்மாள் மறுபடி ஒரு கட்டில் கேட்டு வந்தார். புஷ்பலதா நல்லதாக ஒன்றைக் காட்டினார். சின்னம்மாள் உட்காரவில்லை.

"கவுத்துக் காட்டு" என்றார்.

நானும் புஷ்பலதாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கவிழ்த்தோம். சின்னம்மாள் உடைந்து சேர்ந்த கையால் ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்தார். பார்த்து முடிக்கும் வரை புஷ்பலதா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.