மச்சினன் கொடுத்த குச்சி

இலைக்காரி என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். மரவள்ளித் தோட்டங்களில் இலை கிள்ளி, உறையில் போட்டு, எந்த ரகம் என்று கண்டறியும் மரபணுச் சோதனைக்கு அனுப்புவது அவள் வேலை. விவசாயி சொல்லும் ரகப் பெயரையும் உறைமேல் எழுத வேண்டும். நட்ட குச்சி என்ன ரகம் என்று கேட்டால் பதினோரு பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "மச்சினன் குடுத்தது." அவளும் அப்படியே எழுதிவிட்டாள்.

அவள் வேலை பார்க்கும் வேளாண் அலுவலகத்தின் அதிகாரிக்கு எரிச்சல். "நான் கேட்டது ரகத்தோட பேரும்மா, உறவுமுறை இல்ல. தெரியாதுன்னு மாத்தி எழுதுங்க."

"தெரியாதுன்னு யாரும் சொல்லலையே சார்."

அவளுடையது உடும்புப்பிடி. சோதனை முடிவு வந்தது. பதினோரு இலையும் ஒரே ரகம். யாருமே நடவில்லை என்று அலுவலகம் எப்போதோ கைகழுவிய ரகம். அவள் செருப்புத் தேய நடந்து, ஒவ்வொரு மச்சினனையும் பிடித்து, "உங்களுக்கு யாரு குடுத்தா?" என்று கேட்டாள். அவர்களுக்கும் ஆளுக்கொரு மச்சினன் இருந்தான்.

ஒரு வாரம் கழித்து அதிகாரியே கேட்டார். "கடைசி மச்சினன் யாரும்மா?"

"நம்ம ஆபீஸ் வாட்ச்மேன் சார். நீங்க குப்பையில போடச் சொன்ன குச்சியத்தான் வீட்டுக்குக் கொண்டு போனாராம்."