முழங்காலால் திறக்கும் கதவு

அந்த வட்டாரத்தில் அவரைக் கைப்பிடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் பழகியவர்களுக்குக் கைப்பிடி அண்ணன். இரட்டைக் கண்ணாடி போட்ட பிளாஸ்டிக் கதவுகள் அங்கே வீட்டுக்கு வீடு வந்து இருபது வருடமாகிறது. அவற்றின் தொங்கிப்போன கைப்பிடிகளும் திரும்ப மறுக்கும் சாவிகளும்தான் அந்த இருபது வருடமும் அவருக்குச் சோறு போட்டன.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரே சோதனைதான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியை மேலே தூக்குவார். கதவின் விளிம்பிலிருந்து மூன்று கொக்கிகள் வெளியே வரும். சாவியைத் திருப்பிப் பார்ப்பார். திறந்த கதவில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடி, மூடிய கதவில் மட்டும் முரண்டு பிடித்தால் பூட்டின் மேல் குற்றமில்லை. கண்ணாடியின் கனம் தாங்காமல் கதவு ஒரு பக்கம் இறங்கிவிட்டது. கொக்கிகள் சட்டத்தில் தங்களுக்கான குழிகளை ஒரு நூல் அளவு தவறவிடுகின்றன.

"பூட்டைத் திட்டாதீங்க, அது பாவம். கதவுதான் அசந்துபோச்சு" என்பார்.

அதற்கு வைத்தியம் உண்டு. கண்ணாடியைச் சுற்றியுள்ள பட்டிகளைக் கழற்றி, கண்ணாடியை நெம்பி, கீல் பக்கத்துக் கீழ் மூலையிலும் அதற்கு எதிரான மேல் மூலையிலும் பிளாஸ்டிக் ஆப்புகளைச் செருக வேண்டும். அதன் பிறகு கண்ணாடியே குறுக்கே நின்று கதவைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். நாற்பது நிமிட வேலை.

நான்கு வருடத்துக்கு முன்பு ஏணியிலிருந்து விழுந்ததில் அவருடைய வலது தோள் கெட்டுப்போனது. அதன் பிறகு அந்த நாற்பது நிமிடம் அவருக்கு மலையாகத் தெரிந்தது. மெல்ல மெல்ல வேறொரு வழி பழகிக்கொண்டார். ஒவ்வொரு கதவும் இறங்கும்போது தனக்கென்று ஒரு கோணலோடுதான் இறங்குகிறது. அந்தக் கோணலைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, வீட்டுக்காரருக்கு அதைச் சமாளிக்கும் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துவிடுவார். மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கதவை இடது தோளால் மேலே ஒரு தட்டுத் தட்டிய பிறகு சாவி போட வேண்டும். ஆசிரியர் வீட்டுக் கதவுக்கு இரண்டு முறை கைப்பிடியைத் தூக்க வேண்டும். முதல் முறை கணக்கில் இல்லை.

சனங்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். "மத்தவன் வந்தா கதவையே மாத்துன்னுவான். நம்ம ஆளு தொட்டுப் பார்த்தே சொல்லிடுவாரு" என்றார்கள். அவரும் ஒவ்வொரு வாசலிலும் கிளம்பும்போது, "இது இப்போதைக்குத்தான். அடுத்த வாரம் வந்து கண்ணாடியைக் கழட்டிச் சரியா பண்ணிடறேன்" என்று சொல்லாமல் வந்ததில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்கிற அந்த நேரத்தில் அவரும் அதை நம்பினார். ஆனால் திறக்கிற கதவைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. யாரும் கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை. தோள் வலியை மட்டும் காரணம் சொன்னால் அதுவும் முழு உண்மையாகாது. முறுக்கிக்கொண்டிருந்த கதவு ஒரு வார்த்தையில் திறக்கும்போது எதிரில் நிற்பவரின் முகம் மலருமே, அது அவருக்குப் பிடித்திருந்தது. ஆப்பு வைத்துச் சரிசெய்த கதவை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பஸ் டிரைவர் ஒருவரின் மாடி வீட்டுக்கு அப்படித்தான் போனார். வெளிப்படிக்கட்டு ஏறிப் போனால் ஒரே வாசல், ஒரே கதவு, வெளிப்பக்கமாகத் திறப்பது. டிரைவரின் மனைவி வீட்டிலிருந்தபடியே திரைச்சீலை தைப்பவர். அந்தத் தையல்காரம்மாவை வெளியே நிறுத்தி வித்தையைச் சொல்லிக்கொடுத்தார்.

"முழங்காலைக் கீழ் மூலையில வச்சு அழுத்தும்மா. கைப்பிடிய மேல தூக்கு. தூக்கிப் பிடிச்சபடியே சாவியத் திருப்பு. இப்ப ஒரே மூச்சுல கீழ."

கதவு திறந்தது.

"இது கதவா மாடா அண்ணே? இடிச்சாத்தான் வழிவிடும் போலிருக்கே."

"இடிக்கக் கூடாது. தாஜா பண்ணணும்."

"வீட்ல ஒருத்தரைத் தாஜா பண்றது போதாதுன்னு இது வேறயா?"

"எனக்குக் காது கேட்கும்" என்று உள்ளேயிருந்து டிரைவரின் குரல் வந்தது.

"நீங்களும் வந்து ஒரு தடவை கத்துக்கங்க தம்பி" என்றார் கைப்பிடிக்காரர்.

"எனக்கு எதுக்குண்ணே? அவ எப்பவும் வீட்லதானே இருக்கா. நான் மணி அடிச்சா திறந்துட்டுப் போறா."

மூவரும் சிரித்தார்கள். இது இப்போதைக்குத்தான் என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

ஏழு மாதம் கழித்து ஒரு மத்தியானம், ஒரு ரொட்டிக்கடையின் சன்னலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது.

"அண்ணே, நான் டிரைவர். கதவு திறக்கலண்ணே. சீக்கிரமா வந்துட்டேன் இன்னிக்கு. மணி அடிச்சேன், வரல. பார்த்தா அவ கீழ கிடக்கறா. கண்ணாடி வழியாத் தெரியுது. உதடு அசையுது. ஒண்ணுமே கேட்கல!"

இரட்டைக் கண்ணாடியின் பெருமையே அதுதான். தெருச் சத்தம் உள்ளே வராது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உள்ளே இருப்பவர் கூப்பிடுவதும் வெளியே வராது என்று யாரும் சொல்வதில்லை.

"ஆம்புலன்ஸுக்குச் சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன். வருது. பூந்தொட்டியத் தூக்கி அடிச்சேன், தொட்டிதான் உடைஞ்சது. சாவி திரும்ப மாட்டேங்குதுண்ணே!"

"கைப்பிடிய அழுத்தாதீங்க. மேல தூக்குங்க."

"மேலயா?"

"மேலதான். முழங்காலைக் கீழ் மூலையில…"

"எந்த மூலை?"

கைப்பிடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் அந்தக் கதவின் முன்னால் நின்று பார்த்தார். அவருடைய முழங்காலுக்கு இடம் தெரிந்தது. வாய்க்குத் தெரியவில்லை. வலமா, இடமா, எவ்வளவு உயரம், எவ்வளவு அழுத்தம்? "கைப்பிடி இருக்கற பக்கம், கீழ… ரொம்பக் கீழ இல்ல…" என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போதே போனில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"கையோட வந்துடுச்சுண்ணே" என்றார் டிரைவர். அழுகிற குரல்.

பதறுகிற மனிதன் கைப்பிடியைக் கீழேதான் அழுத்துவான். மேலே தூக்கு என்பது பதறாத நேரத்துக்கான வித்தை.

சன்னலை அப்படியே விட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கைப்பிடிக்காரர் ஓடினார். எப்படி ஸ்கூட்டரில் ஏறினார் என்று பிறகு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மாடிப்படியெல்லாம் மண்ணும் தொட்டிச் சில்லும். கதவின் அடியிடுக்கில் தட்டையான காற்றுப்பையைச் செருகி, பம்பை அழுத்தி, கதவைக் கொஞ்சம் மேலே தூக்கினார். உடைந்த கைப்பிடியின் துண்டை இடுக்கியால் கவ்வி மேலே தூக்கிச் சாவியைத் திருப்பினார். திறந்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் டிரைவர் வந்து மணி அடித்ததிலிருந்து பார்த்தால் முப்பத்தைந்து நிமிடம்.

தைத்து முடிக்காத திரைச்சீலையின் மேல் அந்த அம்மா கிடந்தார். உடம்பில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிப் போயிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஏறி வந்து ஊசி போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் வலது கை விரல்களில் பிடிமானம் இல்லை. ஊசியை எடுத்தால் நழுவியது. கத்தரிக்கோல் திறந்தபடியே நின்றது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று டாக்டர் கேட்டாராம். டிரைவர் சொன்னாராம். பிடிமானம் திரும்ப வரலாம், பொறுத்துப் பார்க்கணும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம்.

டிரைவர் ஊரெல்லாம் ஒரே கதையைத்தான் சொன்னார். "கைப்பிடி அண்ணன் இல்லன்னா அவ இன்னிக்கு இல்ல. மேல தூக்கு, மேல தூக்குன்னு அவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இந்த மடையன்தான் கீழ அழுத்தி உடைச்சேன்." டீக்கடையில் கைப்பிடிக்காரரைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அந்த நாற்காலியில் அவரால் சாய்ந்து உட்கார முடியவில்லை.

வீட்டில் அவருடைய மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். "ஊரே புகழுது. நீங்க ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க, நீங்க ரிப்பேர் பண்ற கைப்பிடி மாதிரி?"

அவர் சொன்னார். ஆப்பு வைக்காமல் விட்டதையும், ஏழு மாதம் எட்டிப் பார்க்காததையும் சொன்னார்.

மனைவியின் கை நின்றது. "உடைச்சது அவருதானே?"

"உடையற மாதிரி வச்சிருந்தது நான்."

"அப்ப போய்ச் சொல்லிடுங்க." அடுத்த கீரைத்தண்டை எடுத்துக்கொண்டே, "சொன்னா நாளைக்கு உங்களை யாரும் வாசல்ல சேர்க்க மாட்டாங்க. அதையும் யோசிச்சுக்கங்க" என்றார்.

"ரெண்டையும் நீயே சொன்னா நான் எதைக் கேட்கறது?"

"ரெண்டும் உண்மைதானே? நான் என்ன பண்ண?"

உதவிக்கும் கெட்டிக்காரத்தனத்துக்கும் உள்ள வித்தியாசம், உதவியவன் கிளம்பிப் போன பிறகுதான் தெரிகிறது. அவன் இல்லாமலும் நடந்தால் அது உதவி. அவர் இரண்டு நாள் இதையே சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் காலையில் புதுக் கைப்பிடியை எடுத்துக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போனார். அப்போதும் என்ன செய்யப்போகிறோம் என்ற முடிவு அவரிடம் இல்லை. கைப்பிடியை மட்டும் மாற்றினால் பத்து நிமிடத்தில் இறங்கிவிடலாம்.

டிரைவர் லீவில் இருந்தார். உடைந்த பழைய கைப்பிடியைத் துடைத்து அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருந்தார். "இருக்கட்டும்ணே. போகும்போதும் வரும்போதும் பார்க்கணும் நான்."

கைப்பிடிக்காரர் புதியதை மாட்டினார். கதவைத் திறந்து வைத்து, வழக்கமான சோதனையைச் செய்தார். மூன்று கொக்கிகளும் தடையில்லாமல் வெளியே வந்தன. இருபது வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது: "பூட்டு மேல குற்றமில்ல."

"தெரியும்ணே" என்றார் டிரைவர். "குற்றம் என் மேலதான்."

கையிலிருந்த திருப்புளியைக் கைப்பிடிக்காரர் தரையில் வைத்தார்.

"உங்க மேல இல்ல தம்பி. இந்தக் கதவு அன்னிக்கே இறங்கியிருந்தது. கண்ணாடியக் கழட்டி ஆப்பு வச்சிருந்தா யாரு வேணா, எப்படி வேணா திறந்திருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் செய்யல. தோள் வலின்னு உங்க வீட்டம்மாவுக்கு ஒரு வித்தையக் காட்டிட்டுப் போயிட்டேன்."

டிரைவர் அவரையே பார்த்தார். கத்துவார் என்று கைப்பிடிக்காரர் எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"எவ்வளவு நேர வேலை அது?"

"நாப்பது நிமிஷம்."

டிரைவர் ஒரு நாற்காலியை இழுத்து, கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "இப்பப் பண்ணுங்க."

பட்டிகளைக் கழற்றினார். கண்ணாடியை நெம்பியபோது தோளில் தீ வைத்தது போலிருந்தது. ஒரு சமயம் கண்ணாடி அவர் பக்கம் சாய்ந்தது. டிரைவர் எழுந்து வந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். ஆப்பு உள்ளே போனதும் விட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார். ஐம்பது நிமிடம் ஆயிற்று.

தையல்காரம்மா உள் அறையிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. சாவியை இடது கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே அவர் கணவர் பூட்டினார். கண்ணாடிக்கு அப்பால் அந்த அம்மாவின் முழங்கால் தானாக உயர்ந்து கீழ் மூலையில் பதிந்தது.

வேண்டாம் என்று கைப்பிடிக்காரர் தலையை ஆட்டினார். சொன்னாலும் கேட்காது.

முழங்கால் இறங்கியது. இடது கையின் இரண்டு விரலில் சாவி திரும்பியது. கைப்பிடியைச் சும்மா அழுத்தினார், கதவு திறந்தது. அவர் மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தார்.

"இவ்வளவுதானாண்ணே?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

கைப்பிடிக்காரர் குனிந்து சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டார். படி இறங்கப் போகும்போது டிரைவர் கூப்பிட்டார். "இன்னும் எத்தனை வீட்ல இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க?"

கைப்பிடிக்காரர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மருந்துக்கடைக்காரர். ஆசிரியர். ரொட்டிக்கடைக்குப் பின்னால் ஒரு வீடு. பதினொன்று வரை வந்தது. அதற்கு மேலும் இருந்தது. முகங்கள் வந்தன, கதவுகள் வரவில்லை. "தெரியல தம்பி" என்றார்.

டிரைவர் உள்ளே போய், அலமாரியிலிருந்த உடைந்த கைப்பிடியை எடுத்து வந்து நீட்டினார். "இதையும் கொண்டு போங்க. இது இனிமே என் வீட்ல வேணாம்."

மருந்துக்கடைக்காரர் வீடு அடுத்த தெருவில். மணி அடித்தார். உள்ளே 'டம்' என்று தோளால் தட்டும் சத்தம் கேட்டு, கதவு திறந்தது.

"வாங்கண்ணே! கூப்பிடவே இல்லையே?"

"கதவைச் சரிபண்ண வந்தேன்."

"அதுக்கென்ன, நல்லாத்தானே இருக்கு? நீங்க சொல்லிக் கொடுத்த தட்டு, ஒரே தட்டு. திருடன் வந்தாக்கூட முழிப்பான்." தன் தோளைத் தானே தட்டிக்கொண்டு சிரித்தார். "இன்னொரு நாள் பார்த்துக்கலாம்ணே. சாப்பிட உட்கார்ந்தோம்."

"அந்தத் தட்டு வீட்ல வேற யாருக்குத் தெரியும்?"

"வேற யாருக்குத் தெரியணும்? நான் இருக்கேனே."

உள்ளே மேசையில் அவருடைய அம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கைப்பிடிக்காரர் பையைத் திறந்தார். உடைந்த கைப்பிடியை எடுத்து மருந்துக்கடைக்காரரின் கையில் வைத்தார்.

"நீங்க சாப்பிடுங்க, நான் இருக்கேன்" என்றார். "சாப்பிட்டதும் இது எங்க உடைஞ்சது, ஏன் உடைஞ்சதுன்னு சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் என்னைப் போகச் சொல்லுங்க."